மீனாவுக்கு: அந்தக் கையெழுத்தைப் போடும் முன்

அன்புள்ள மீனா,

உன் மெசேஜைப் பார்த்துவிட்டு லேப்பில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சான் டியாகோ! பி.எச்டி.-க்கு அப்புறம் மூன்று வருட ஆராய்ச்சி வேலை, போஸ்ட்டாக்! மெஸ் அக்காவுக்குச் சொன்னாயா? அவர் வேண்டிக்கொண்டதை நீ நிறைவேற்றியே ஆகவேண்டும், ஞாபகம் இருக்கட்டும். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லையா? குட்டி என்னை நினைவு வைத்திருக்கிறாளா? நான் நலம், தீசிஸ் மட்டும் நலமில்லை. மற்றதெல்லாம் போனில்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உன் மெசேஜின் கடைசி வரி. "இந்தியாவிலிருந்து வர்றவங்களுக்கு ரெண்டு வருஷம் வரியே கிடையாதாமே" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு போட்டிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஏனென்றால் போன வாரம் பச்சை ஸ்கூட்டி அக்கா பேசினார். ஆமாம், அவரேதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிக்கு வந்தார். சேர்ந்த முதல் நாளே அவருடைய அலுவலகத்தில் ஃபார்ம் 8233 என்று ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் மத்திய வரி பிடிக்கமாட்டோம் என்றார்கள். போட்டார். இரண்டு வருடம் முழுச் சம்பளம் கைக்கு வந்தது. ஊருக்கு அனுப்பி மாடி கட்டினார், தம்பிக்குக் கல்யாணம் செய்தார். சோதனைகள் முடியவில்லை என்று பேராசிரியர் இன்னும் ஒரு வருடம் நீட்டித்தார், விசாவும் இடம் கொடுத்தது, இவரும் சந்தோஷமாகத் தங்கிவிட்டார். இப்போது அந்த இரண்டு வருட வரி மொத்தத்தையும் வட்டியோடு கட்டவேண்டும் என்று தெரிந்து போனில் அழுகிறார், மீனா. நம் ஹாஸ்டலில் யார் அழுதாலும் போய் உட்கார்ந்து தேற்றியவர். அலுவலகத்தில் கேட்டால் "வரி ஆலோசனை சொல்வது எங்கள் வேலை இல்லை" என்கிறார்களாம். தாளை நீட்டும்போது மட்டும் அது யார் வேலையாக இருந்தது? எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1989-இல் கையெழுத்தான வரி ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன் 22-ஆவது பிரிவு, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ வருகிறவருக்கு இரண்டு வருடம் வரை அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை என்கிறது. எல்லாரும் இந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் தங்கினால், மேலே தங்கிய நாட்களுக்கு மட்டும் அல்ல, முதல் நாளிலிருந்தே சலுகை ரத்து. ஐ.ஆர்.எஸ்., அதாவது அமெரிக்க வருமான வரித் துறை, வெளியிடும் 901-ஆம் பிரசுரத்தில் இந்தியா என்ற தலைப்பின் கீழ் இது தெளிவாகவே இருக்கிறது. ஜே-1 ஆராய்ச்சியாளர் விசாவோ ஐந்து வருடம் வரை இருக்கவிடும். விசா ஐந்து, ஒப்பந்தம் இரண்டு. நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். இடையில் பொங்கலுக்கு ஊருக்கு வந்து போனால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

உனக்கு மூன்று வருட வேலை. நீ எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும் (அந்தக் கேரம் போட்டி!). அதனால் நீ இரண்டு வருடத்தைத் தாண்டுவாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆகவே அந்த 8233-இல் கையெழுத்துப் போடாதே. மாதாமாதம் வரியைப் பிடிக்கட்டும். வருடம் 60,000 டாலர் சம்பளம் என்றால் மத்திய வரி ஏறக்குறைய 8,000 டாலர் வரும். கையில் வராத பணம் என்று நினைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஏதோ காரணத்தால் இரண்டு வருடத்துக்குள் நீ ஊர் திரும்பினால், அப்போது திருத்திய கணக்கு, அதாவது 1040-எக்ஸ் தாக்கல் செய்து கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். தாக்கல் செய்ததிலிருந்து மூன்று வருட அவகாசம் உண்டு. அவர்களிடம் இருக்கும் நம் பணத்தைக் கேட்டு வாங்குவது மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். நாம் செலவழித்துவிட்ட பணத்தை அவர்கள் கேட்டால் எங்கே போவது? அக்கா அந்த மாடியை இடித்தா கொடுப்பார்?

அப்புறம், டிசம்பர் கடைசியில் வந்து இறங்கப்போவதாகச் சொன்னாய். முடிந்தால் ஜனவரிக்குத் தள்ளு. இது வேறு ஒரு கணக்கு, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. ஜே-1 ஆராய்ச்சியாளர்களை முதல் இரண்டு காலண்டர் வருடங்களுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவராகவே வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் சோஷியல் செக்யூரிட்டியும் (ஓய்வூதியம்) மெடிகேரும் (முதியோர் மருத்துவக் காப்பீடு) சேர்ந்த 7.65 சதவீதப் பிடித்தம் உனக்குக் கிடையாது. 2025 டிசம்பர் 28-இல் இறங்கினாலும் 2025 ஒரு முழு வருடமாகக் கழிந்துவிடும், 2027 ஜனவரியிலிருந்து பிடிக்கத் தொடங்குவார்கள். 2026 ஜனவரியில் இறங்கினால் 2027 முடியும் வரை இல்லை. உன் சம்பளத்துக்கு ஒரு வருடத்தில் 4,590 டாலர், நான்கு நாள் வித்தியாசத்துக்கு! ஜே-1 விசாவுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் டி.எஸ்-2019 தாள் இன்னும் வரவில்லை என்றால் தொடக்கத் தேதியை ஜனவரியில் போடச் சொல்லி உன் பேராசிரியரிடம் இன்றே கேள். கூச்சப்படாதே.

அதே போல, மூன்றாம் வருடம் நீ வரிக் கணக்கில் உள்நாட்டவளாக ஆனதும் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்டவேண்டும். ஸ்ரீரங்கம் வீட்டு வாடகை, வைப்பு நிதி வட்டி எல்லாம். இந்தியக் கணக்குகளில் இருப்பது மொத்தமாக 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கிறாயே, அந்தக் கணக்கும் இதில் சேரும். கிளம்பும் முன் எல்லாப் பாஸ்புக்கையும் படம் எடுத்துக்கொள்.

உன் சான் டியாகோ இருக்கும் கலிஃபோர்னியாவின் மாநில வரி தனி. அந்த மாநிலம் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. இங்கே டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை என்பதால் எனக்கு அந்த அனுபவம் கிடையாது.

என் கதை வேறு, நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவள். அதே ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவால் இந்திய மாணவர்களுக்கு மட்டும் உள்ளூர்க்காரர்களைப் போலவே நிலையான கழிவு, அதாவது வருமானத்தில் வரி போடாமல் கழித்துவிடும் ஒரு தொகை, கிடைக்கிறது, 2024-க்கு 14,600 டாலர். என் லேப்பில் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பையன் ஒருவன் இருக்கிறான், எனக்கு இங்கே தம்பி மாதிரி. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தமே இல்லை. இருவருக்கும் 24,000 டாலர்தான். நான் கட்டியது 940, அவன் கட்டியது 2,648. ஒரே வேலை, ஒரே மேசை, மதியம் ஒரே டப்பாவில் சாப்பாடு. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நமக்குக் கிடைத்திருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தவேண்டும் என்று இவ்வளவு நீட்டி முழக்குவதற்கு அவனும் ஒரு காரணம். உனக்கு இந்தக் கழிவு கிடையாது, நீ மாணவி இல்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர், அதாவது வெளிநாட்டவருக்கான வருடாந்திர வரிக் கணக்கு, தாக்கல் செய்யவேண்டும். உள்ளூர்க்காரர்கள் விளம்பரம் பார்த்து வாங்கும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் சாதாரண 1040-ஐத்தான் போடும், அதில் கைவைக்காதே. வெளிநாட்டவருக்கான மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் இலவசமாகத் தருகின்றன, கேட்டு வாங்கு. 8843 என்று ஒரு தாள் உண்டு, வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆளுக்கு ஒன்று. மாப்பிள்ளைக்கு ஒன்று, குட்டிக்கும் ஒன்று, அவளுக்காக நீ கையெழுத்துப் போடவேண்டும். மாப்பிள்ளை பங்குச் சந்தையில் விளையாடுவதை இங்கே வந்து தொடரவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். வெளிநாட்டவர் கணக்கில் இருந்துகொண்டு வருடத்தில் 183 நாள் இங்கே இருந்தால் லாபத்தில் 30 சதவீதம் போய்விடும். யாராவது ஐ.ஆர்.எஸ். என்று போனில் மிரட்டிப் பணம் கேட்டால் வைத்துவிடு, அவர்கள் முதலில் தபாலில்தான் எழுதுவார்கள்.

பச்சை ஸ்கூட்டி அக்காவிடம் நீயும் ஒரு தடவை பேசு. வரியைப் பற்றி வேண்டாம், சும்மா பேசு. தவணை முறையில் கட்ட வழி உண்டு, அந்த விண்ணப்பத்தை நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நிரப்பப்போகிறோம்.

உன் ஆஃபர் கடிதத்தையும் டி.எஸ்-2019 வந்ததும் அதையும் எனக்கு அனுப்பு. தேதிகளை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். டிக்கெட்டை அதற்கு அப்புறம் போடலாம்.

உன்,
தேவி