பொன்னி வீட்டுக்குப் பழகுகிறாள்

மெல்போர்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பொன்னியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பந்தயத்தில் ஓடின நாயாச்சே, வீட்டுக்குள்ளே நிலையா நிக்குமா?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கவலையே உனக்கு வேண்டாம். நாளில் முக்கால்வாசி நேரம் தூங்குகிறாள். அவள் கிரேஹவுண்ட் இனம், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற ஒல்லியான நாய். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், உண்மைதான். ஆனால் ஒரு பந்தயம் பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் படுத்தே பழகிய உடம்பு. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அவ்வளவுதான் கேட்கிறாள்.

கஷ்டம் வேறு. பொன்னி இதுவரை ஒரு வீட்டுக்குள் வாழ்ந்ததே இல்லை. நாய்களை அடைத்து வைக்கும் கென்னல், வண்டி, பந்தயத் திடல், இவைதான் அவளுக்குத் தெரிந்த உலகம். வந்த புதிதில் மாடிப்படியின் கீழே நின்று உடம்பெல்லாம் நடுங்கினாள். இவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்ள, நான் முன்னங்கால் ஒவ்வொன்றையும் கையால் எடுத்து அடுத்த படியில் வைத்தேன். நீளமான கால்கள், எங்கே ஊன்றுவது என்றே தெரியவில்லை அவளுக்கு. ஏறக் கற்றுக்கொண்ட பிறகும் இறங்க ரொம்ப நாள் பயந்தாள். கண்ணாடிக் கதவில் போய் மோதாமலிருக்க அவள் கண் மட்டத்துக்குக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறோம். மரத்தரை வழுக்குகிறது என்று கூடத்தில் நடுவே நின்றுவிடுவாள், அதனால் வாசலிலிருந்து அவள் மெத்தை வரை பாய் போட்டுவிட்டேன்.

பாப்பாவுக்கு ஒரே ஒரு விதி: பொன்னி மெத்தையில் இருந்தால் கிட்டப் போகக் கூடாது. இந்த நாய்கள் சில சமயம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். கென்னலில் தூங்கும்போது யாரும் வந்து தொட்டதில்லை, அதனால் திடீரென்று கை பட்டால் பதறிக் கடித்துவிடலாம். முதலில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பாப்பா இதைச் சரியாகச் செய்கிறாள், எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வெளியே போனால் கயிறு எப்போதும் கையில்தான். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் வளர்ப்பு கிரேஹவுண்டுக்கு வாய்க்கூடு கட்டாயம் என்ற சட்டத்தை 2019 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், ஆனால் பொது இடத்தில் கயிறு கட்டாயம். அது நியாயம் என்றே நினைக்கிறேன். பந்தயத்தில் முன்னால் ஓடுகிற பொம்மையைத் துரத்தவே பழக்கிய நாய்க்குப் பூனையும் அப்படித்தான் தெரியும். ஒரு முறை பாய்ந்துவிட்டால் நம்மால் பிடிக்க முடியாது. தலையும் கழுத்தும் ஒரே அளவு என்பதால் அவள் பின்னால் நகர்ந்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். இழுத்தால் இறுகுகிற மார்ட்டிங்கேல் பட்டைதான் போடுகிறோம்.

உடம்பில் கொழுப்பே கிடையாது, தோல் காகிதம் மாதிரி. இந்த ஊர் ஜூலைக் குளிரில் கோட்டு போடாமல் வெளியே கூட்டிப்போக முடியாது. செடியில் உரசினாலே கிழிந்து ரத்தம் வருகிறது. வெறும் தரையில் படுத்தால் எலும்பு குத்தும், மெத்தை தடிமனாக வேண்டும். அப்பாவிடம் சொல்: மற்ற நாய்களைவிடக் கிரேஹவுண்டுகளின் ரத்தத்தில் சிவப்பணு அதிகம், தைராய்டு அளவு குறைவு. அது நோயில்லை, இந்த இனத்துக்கே அப்படித்தான். அதனால் இந்த நாய்களை நன்றாகத் தெரிந்த டாக்டராகப் பார்த்துப் போகிறோம். பல் மட்டும் மோசம். தினமும் துலக்கிவிடுகிறேன்.

நாலைந்து வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இன்னொரு மடங்கு ஆயுள் மிச்சமிருக்கும் உயிர் இது. கான்பெரா இருக்கும் தலைநகரப் பகுதியில் 2018-லேயே பந்தயத்துக்குத் தடை வந்துவிட்டது. எல்லா இடத்திலும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இப்போது அவளைத் தனியாக இருக்கப் பழக்குகிறோம். கென்னலில் எப்போதும் பக்கத்தில் இன்னொரு நாய் இருந்திருக்கும், தனிமையே தெரியாது. குப்பை போட்டுவிட்டு வரும் நேரம், தபால் பெட்டி வரை போகும் நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம். முன்பெல்லாம் கதவைச் சாத்தியதும் ஊளையிடுவாள். இப்போது பாதி நேரம் படுத்துவிடுகிறாள்.

நீங்கள் வரும்போது நீயாகப் போய்த் தடவாதே. சோபாவில் உட்கார்ந்து உன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு. அவளாக வந்து மோப்பம் பிடிப்பாள். பிடித்துவிட்டால் உன் காலில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்வாள். உன் முட்டி வலிக்கு அது ஆகாது, அதனால் உட்கார்ந்தே இரு.

அப்பாவின் கண் ஆபரேஷன் தேதி தெரிந்ததும் சொல், அதற்கேற்ப டிக்கெட் பார்க்கிறேன்.

அன்புடன்,
ரேவதி