ஒரு கையெழுத்தில் பிள்ளையின் மதம் மாறலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியாவில், பெற்றோரில் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறி, மற்றவரைக் கேட்காமலே பிள்ளையையும் மாற்றிவிடுகிற ஒருதலைப்பட்ச மதமாற்றம் பற்றிப் பேசினால், "அதுதான் இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2018-இலேயே நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டதே, இன்னும் என்ன?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர் பதிவைப் பல ஆண்டுகள் நான் கவனித்து வந்தேன். பிள்ளையின் பத்திரத்தில் மதம் இஸ்லாம் என்றிருந்தால் பிள்ளைக்கு இஸ்லாமியக் கல்வி, இல்லாவிட்டால் நன்னெறிக் கல்வி. ஒருமுறை கணவர் மதம் மாறிப் பிரிந்துபோன ஒரு தாய் பிள்ளையோடு வந்தார். பிள்ளையையும் அந்தக் கணவர் மாற்றிவிட்டிருந்தார். "வீட்டுல சாமி கும்பிடுற புள்ள டீச்சர், எந்த வகுப்புல உட்கார வைப்பீங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

வகுப்போடு முடிகிற விஷயமும் இல்லை இது. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை முஸ்லிம் அல்லாதவரைச் சட்டப்படி மணக்க முடியாது. மதத்தை விட்டு விலக நினைத்தால் ஷரியா நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். இஸ்லாத்தை விட்டு விலகிய லீனா ஜோய் என்ற பெண் தம் அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்பதை நீக்கக் கேட்ட வழக்கில், 2007-இல் கூட்டரசு நீதிமன்றமே கைவிரித்துவிட்டது. அவர் விவரம் தெரிந்த பெண். அவருக்கே அந்த நிலை என்றால், கைக்குழந்தைக்கு என்ன வழி?

ஈப்போவின் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? 2009-இல் அவருடைய மூன்று பிள்ளைகளும் அவருக்குத் தெரியாமல், இஸ்லாத்துக்கு மாறிய கணவரால் மதம் மாற்றப்பட்டார்கள். மாற்றியபோது பிள்ளைகள் அங்கே நேரில் இருக்கக்கூட இல்லை. பதினொரு மாதக் கடைக்குட்டியைத் தந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2010-இல் உயர் நீதிமன்றம் பராமரிப்பு உரிமையைத் தாய்க்கே கொடுத்தது. 2013-இல் மதமாற்றத்தை ரத்து செய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, 2016-இல், பிள்ளையை ஒப்படைக்காத தந்தையைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவும் போனது. அத்தனைக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தக் குழந்தை தாயின் கைக்கு வரவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, அந்தத் தீர்ப்பு வந்தபின் மற்ற தாய்மார்களாவது நிம்மதியாக இருந்தார்களா? லோ சியூ ஹோங் என்ற தாயின் மூன்று பிள்ளைகள் 2020-இல், அதாவது தீர்ப்புக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, பெர்லிஸ் மாநிலத்தில் அவர் சம்மதமின்றிக் கணவரால் மாற்றப்பட்டார்கள். 2023-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2024-இல்தான் அவர் வென்றார். ஒருவர் சம்மதமே போதும் என்கிற மாநிலச் சட்டங்கள் திருந்தாதவரை ஒவ்வொரு தாயும் தனித்தனியாக நீதிமன்றப் படி ஏறவேண்டியதுதான். கூலி வேலை செய்கிற பெண்ணுக்கு அது முடிகிற காரியமா?

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. திருமணத்தின்போது பெற்றோருக்கு இருந்த மதத்திலேயே பிள்ளைகள் வளரவேண்டும் என்று 2009 ஏப்ரலில் அமைச்சரவையே முடிவு செய்தது. அப்புறம் திருமண, மணவிலக்குச் சட்டத் திருத்தத்தில் அதற்காக 88ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2017-இல் அந்தப் பிரிவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை நிறைவேற்றினார்கள்.

இஸ்லாம் கூட்டரசின் மதம் என்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. மற்ற மதத்தினர் அமைதியாகத் தங்கள் மதத்தைப் பின்பற்றலாம் என்றும் அதைச் சொல்கிற அரசியலமைப்பின் அதே 3ஆவது பிரிவுதான் சொல்கிறது. தொழுகை தவறாத என் மலாய்த் தோழி ஆசிரியை ஒருவர், பெற்ற தாயிடம் கேட்காமல் பிள்ளையை மாற்றுவது அநியாயம் என்று என்னிடம் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

பள்ளிச் சுற்றுலாவுக்கே பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றமாட்டோம். மதமாற்றத்தைப் பதிவு செய்யும் இலாகா, தாய், தந்தை இருவர் கையெழுத்தும் இல்லாத மனுவை வாங்கவே கூடாது. 88ஏ பிரிவு மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வரவேண்டும். மாநிலச் சட்டமன்றங்களும் தங்கள் சட்டத்தைத் திருத்தவேண்டும். நம் ஓட்டு வாங்கிப் போன உறுப்பினர்கள் இதில் என்ன செய்தார்கள் என்று உங்கள் நாளிதழ் ஒவ்வொருவரிடமும் கேட்டு, பெயரோடு வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பேராக்