லாரன்ஸ் கதையில் விட்டுப்போன பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஹாலிவுட்டின் முதல் நட்சத்திரம்' ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தேன். அதில் மூன்று பக்கம் தயாரிப்பாளர் கார்ல் லெம்லியின் சாமர்த்தியத்துக்கே போய்விட்டது. நடிகை டிராமில் அடிபட்டு இறந்தார் என்று ஒரு வதந்தி, அது எதிரிகள் கட்டிய பொய் என்று 1910 மார்ச்சில் ஒரு விளம்பரம், அப்புறம் செயின்ட் லூயிஸ் நகரில் அவரையே கூட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. சுவையான கதைதான். ஆனால் செத்துப் பிழைத்தவர் பிறகு என்ன ஆனார் என்று கட்டுரையாளர் கேட்கவே இல்லையே!

முதலில் ஒரு திருத்தம். அவரை 'ஹாலிவுட்டின்' நட்சத்திரம் என்பது சரியல்ல; ஹாலிவுட்டில் முதல் ஸ்டுடியோ வந்ததே 1911-இல்தான். லாரன்ஸ் கனடாவின் ஹாமில்டனில் 1886-இல் பிறந்தவர்; தாயின் நாடகக் குழுவில் சிறுமியாக மேடையேறியவர். அவரை ஊரறியச் செய்தது நியூயார்க் பதினான்காம் தெருவில் இருந்த பயோகிராஃப் என்ற படக் கம்பெனி. ஊரறிந்தது முகத்தை மட்டும்தான். கம்பெனி யார் பெயரையும் வெளியிடாது; பெயர் பரவினால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பார்களே! ரசிகர்கள் 'பயோகிராஃப் பெண்' என்றே அவரை அழைத்தார்கள். வேறு கம்பெனியில் வாய்ப்புத் தேடினார் என்று 1909-இல் வேலையிலிருந்தும் நீக்கினார்கள். லெம்லி அவருடைய பெயரை விளம்பரத்தில் போட்டது அதற்குப் பிறகு.

அதே பயோகிராஃப் பதிப்புரிமைக்காகத் தன் படங்களைக் காகிதச் சுருளில் அச்சிட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைத்திருந்தது. ஜோன்ஸ் தம்பதி நகைச்சுவைப் படங்களில் அவரை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால் அந்தக் காகிதத்தின் புண்ணியம்.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத இன்னொரு விஷயம் அவருடைய கார் மோகம். 1914 வாக்கில் தன் காருக்கு அவரே ஒரு சைகைக் கருவி செய்துகொண்டார். பொத்தானை அழுத்தினால் வண்டியின் பின்புறம் ஒரு கைகாட்டி எழுந்து, எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று காட்டும். பிரேக்கை மிதித்தால் 'நில்' என்ற பலகை தெரியும். இரண்டுக்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. அவருடைய தாயோ 1917-இல் மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடித் துடைப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலும் காசு பார்க்கவில்லை.

ஒரு படத்தின் தீ விபத்துக் காட்சியில் லாரன்ஸுக்குத் தீக்காயமும் முதுகெலும்பில் அடியும் பட்டன. அதன் பிறகு பழைய இடம் கிடைக்கவில்லை. 1936-இல் எம்.ஜி.எம். நிறுவனம் பழைய நட்சத்திரங்களுக்கு வாரம் 75 டாலருக்குச் சிறு வேடங்கள் கொடுத்தபோது அந்த வரிசையில் அவரும் நின்றார். தீராத நோயும் சேர்ந்துகொள்ள, 1938 டிசம்பர் 28 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. 1991-இல் ஒரு நடிகர் தன் பெயரைச் சொல்லாமல் பணம் கொடுத்துக் கல் வைத்தார். 'முதல் திரை நட்சத்திரம்' என்று அதில் பொறித்திருக்கிறது. கூடவே 'பயோகிராஃப் பெண்' என்றும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.