கடன் கொடுக்க அடித்துக்கொண்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சீனாவில் மன்னராட்சியை வீழ்த்திய 1911 புரட்சி பற்றிய கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் யாங்சி ஆற்றங்கரை நகரமான ஹான்கோவில் ரகசியமாகச் செய்துகொண்டிருந்த வெடிகுண்டு தவறி வெடித்ததும், மறுநாள் அக்டோபர் 10 இரவு எதிர்க்கரை வூச்சாங் நகரச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கியதும்தான் தொடக்கம் என்று எழுதியிருப்பது பாதிக் கதைதான். அந்த நேரம் பார்த்து வூச்சாங்கில் படை ஏன் குறைந்திருந்தது? துவான்ஃபாங் என்ற பெரிய அதிகாரி ஒரு பகுதிப் படையை மேற்கே சிச்சுவான் மாகாணத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். சிச்சுவானில் ரயில்வே கலகம். இதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது உறுத்திற்று.

1895-இல் ஜப்பானிடம் தோற்ற சீனா 20 கோடி டேல் (அந்தக் காலச் சீன எடைக்கணக்கு) வெள்ளி தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்கு முதல் கடனை ஏற்பாடு செய்தது ரஷ்யா. பணம் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்களுடையது. அடுத்த ஆண்டே மஞ்சூரியாவின் குறுக்கே தண்டவாளம் போடும் உரிமை ரஷ்யாவுக்குப் போனது, அதுவும் ரஷ்யாவின் 5 அடி அகலப் பாதையாக. ஷான்டுங்கில் ஜெர்மனி இறங்கியது. தென்மேற்கே யுன்னானுக்கு டோங்கினிலிருந்து (இன்றைய வட வியட்நாம்) பிரான்ஸ் மீட்டர் கேஜ் பாதை போட்டது. நம் பழைய தென்னிந்திய ரயில்வேயின் அதே கேஜ். தலைநகர் பீகிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) ஹான்கோ வரையிலான பாதைக்கு, சின்ன நாடுதானே, ஆபத்தில்லை என்று பெல்ஜியத்திடம் கடன் வாங்கினார்கள். பெல்ஜியத்தின் பின்னால் பிரெஞ்சுப் பணமும் ரஷ்யச் செல்வாக்கும் இருப்பது தெரிந்ததும் பிரிட்டன் கொதித்துப்போய், மிரட்டியே ஐந்து பாதைகளுக்கு உரிமை கேட்டு வாங்கியது. 1899-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன: பெருஞ்சுவருக்கு வடக்கே ரயில் உரிமை கேட்டு நான் வரமாட்டேன், யாங்சி பள்ளத்தாக்கில் நீ கேட்காதே என்பது பிரிட்டன் தரப்புப் பேச்சு. நிலத்துக்குச் சொந்தக்காரர்களை யாரும் கலந்து பேசவில்லை.

இவ்வளவு அடிதடி எதற்கு? வட்டி மட்டும் காரணமில்லை. ஷாங்காய்–நான்கிங் பாதைக்கு 1903-இல் போட்ட ஒப்பந்தத்தில் கடன் கொடுத்த பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு வட்டி போக, நிகர லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் உண்டு. இப்படிப்பட்ட பாதைகளில் தலைமை இன்ஜினியர் கடன் கொடுத்தவன் நாட்டுக்காரர். தண்டவாளம், இன்ஜின், பாலத்துக்கு இரும்பு எல்லாம் அவர்கள் மூலமாகத்தான் வரும். தலைமை இன்ஜினியர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ப் பட்டறையின் அளவுக்குத்தான் ஆணி முதல் எல்லாம் அமையும். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த யாருக்கும் இது புரியும். நம்மூர் ரயில் கம்பெனிகளின் முதலுக்கு 5 சதவீத வருமானத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்து, அந்தச் சுமை நம் வரிப்பணத்தில் விழுந்தது ஒரு கொள்ளைதான். ஆனாலும் இங்கே எஜமான் ஒருவன். அங்கே ஆறேழு பேர்.

இனி ஹூகுவாங் கடன். ஹான்கோவிலிருந்து தெற்கே கான்டனுக்கும் (இன்றைய குவாங்சோ), மேற்கே சிச்சுவானுக்கும் பாதை போடுவதற்கான கடன் அது. ஹான்கோ–கான்டன் பாதை உரிமை 1898-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது. கான்டன் பக்கம் ஒரு சின்னக் கிளைப் பாதை போட்டதோடு சரி, அதன் பங்குகளைப் பெல்ஜியக்காரர்கள் வாங்கிக் குவிக்கத் தொடங்கினார்கள். 1905-இல் சீனா 67.5 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்கியது. அதற்கான பணத்தையும் ஹாங்காங்கின் பிரிட்டிஷ் அரசிடம்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது! அப்புறம் 1909-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் மூன்றும் ஒருவழியாகக் கூட்டுச் சேர்ந்து, கடனுக்கு முதல் கையெழுத்தும் ஆயிற்று. உடனே அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட், சீனாவின் அரசப் பிரதிநிதியான இளவரசர் சுன்னுக்கு நேரடியாகத் தந்தி அடித்தார். எங்கள் பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் விஷயம். கடன் கேட்டுக் கெஞ்சுபவர்களைப் பார்த்திருக்கிறோம். கடன் வாங்கச் சொல்லி ஒரு நாட்டின் ஜனாதிபதியே தந்தி அடித்தார் என்றால் அதில் என்ன கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த இழுபறியில் ஏறக்குறைய இரண்டு வருஷம் போயிற்று. 1911 மே 20-இல் நான்கு நாட்டு வங்கிகளோடு 60 லட்சம் பவுன், 5 சதவீத வட்டி என்று கையெழுத்தானது. ஹூபே, ஹூனான் மாகாணங்களின் உப்பு வரியும் உள்நாட்டுச் சுங்கமும் ஈடு.

இந்தக் கடனுக்கு வழிவிட, பத்து நாளுக்கு முன்பாகவே மாகாண ரயில் கம்பெனிகளை அரசுடைமை ஆக்கியிருந்தார்கள். சிச்சுவான் கம்பெனியின் முதல் பெரும்பாலும் விளைச்சலில் நூற்றுக்கு மூன்று என்று நிலக்காரர்களிடம் கட்டாயமாகப் பிடித்த பங்குப் பணம். அதிலும் லட்சக்கணக்கான டேல் 1910-இல் ஷாங்காய் ரப்பர் பங்குச் சரிவில் கரைந்துபோயிருந்தது. மலாயா எஸ்டேட்டுகளை நம்பி ஊதிப்போன சந்தை அது. அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். தொலைந்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பீகிங் கைவிரித்ததும் சிச்சுவான் கொதித்தது.

மக்கள் செய்தது வெகு சாமர்த்தியம். சிச்சுவானின் தலைநகரான செங்டுவின் தெருக்களின் குறுக்கே மேடை போட்டு, காலமான குவாங்சூ பேரரசரின் பெயர்ப் பலகையை வைத்துப் பூஜை செய்தார்கள். ரயில்வேயை மக்கள் கையில் விட்டது அவர் ஆட்சிதான் என்பதால், அவரையே சாட்சிக்கு இழுத்தார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் எந்த அதிகாரியும் குதிரையிலோ பல்லக்கிலோ போக முடியாது, இறங்கித்தான் ஆக வேண்டும். செப்டம்பர் 7-இல் ஆளுநர் ஜாவ் எர்ஃபெங் தலைவர்களைக் கைது செய்தார். விடுதலை கேட்டு அதே பேரரசர் பலகையைக் கையில் ஏந்தி வந்த கூட்டத்தின் மீது சுட உத்தரவிட்டார். முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். வெளியே செய்தி போகாமல் நகரை அடைத்ததால், மரப்பலகைகளில் செய்தி எழுதி எண்ணெய் பூசி ஆற்றில் மிதக்க விட்டார்கள். ‘தண்ணீர்த் தந்தி’ என்று அதற்குப் பெயர். துவான்ஃபாங் படையோடு புறப்பட்டது இதை அடக்கத்தான். நவம்பரில் கூட வந்த சிப்பாய்களே அவர் தலையை வெட்டிவிட்டார்கள்.

செங்டுவிலிருந்து சோங்சிங்குக்கு ரயில் ஓடியது 1952-இல். ஹூகுவாங் கடன் பத்திரங்கள் அதற்கு அப்புறமும் ஓயவில்லை. அவற்றை வைத்திருந்த சில அமெரிக்கர்கள் 1979-இல் அலபாமாவில் சீன அரசின் மீது வழக்குப் போட்டு, சீனா ஆஜராகாததால் 1982-இல் 4 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பும் வாங்கினார்கள். பிறகு அது ரத்தானது.

கட்டுரையின் அடுத்த பகுதியில் 1911-ஆம் வருஷத்துச் சீன ரயில் வரைபடம் ஒன்றைப் போடுங்கள். எந்தப் பாதைக்கு எந்த நாட்டுப் பணம் என்று தனித்தனி வண்ணத்தில் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி.