லிப்கர்ல் வைத்துச் செயலி எழுதும் நிரலாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நிரலாளர்களே,

லிப்கர்ல் என்பது செயலிக்காக இணையத்தில் தரவை அனுப்பிப் பெறும் நூலகம். உங்கள் லாகில் அது தந்த "பிழை 60" (சர்வரின் அடையாளச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை) என்று மட்டும் இருந்தால், சர்வர் பக்கம் இருக்கும் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. சான்றிதழ் காலாவதியானாலும் 60தான். அந்தச் சான்றிதழை நம்பகமான மூலத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை சர்வர் அனுப்பாமல் விட்டாலும் 60. ஃபோனின் கடிகாரம் பின்தங்கியிருந்து, புதுச் சான்றிதழ் அதற்கு இன்னும் தொடங்காததாகத் தெரிந்தாலும் அதே 60. முதல் இரண்டையும் நாங்கள் சரிசெய்ய வேண்டும், மூன்றாவதைப் பயனர் சரிசெய்ய வேண்டும். எது என்று தெரியாமல்தான் பலர் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லும் வெரிஃபைபியர் அமைப்பை 0 ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நடுவில் எவர் புகுந்து படித்தாலும் செயலிக்குத் தெரியாமல் போகும்.

காரணம் லிப்கர்லுக்குத் தெரியும், கேட்டால் சொல்லும். ஸ்ட்ரெரர் என்ற ஃபங்ஷன் தருவது பிழை எண்ணுக்கு ஒன்றாக எழுதிவைத்த பொதுவான வாக்கியம்தான். நடந்தது என்ன என்பது எரர்பஃபரில், அதாவது பிழை விவரத்தை எழுத நீங்கள் கொடுக்கும் நினைவகத்தில், வரும். 256 பைட் அளவில் ஒரு கேரக்டர் அரே எடுத்து, கோரிக்கையை நடத்தும் பெர்ஃபார்முக்கு முன்பே, அமைப்புகளைச் சொல்லும் செட்ஆப்டில் கொடுங்கள். லிப்கர்லின் 7.60க்கு முந்தைய பதிப்புகள் அதைத் தாமாகக் காலி செய்யாது. ஒவ்வொரு முறையும் முதல் பைட்டை 0 ஆக்காவிட்டால் போன தடவையின் பிழை இந்தத் தடவையின் பெயரில் பதிவாகும். கோரிக்கையின் ஹேண்டிலை க்ளீனப் செய்து விடுவிக்கும்வரை அந்த நினைவகம் உயிரோடு இருக்கவும் வேண்டும். ஃபங்ஷனுக்குள் லோக்கலாக அறிவித்து ரிட்டர்ன் ஆகிவிட்டால், லிப்கர்ல் வேறெதன் மேலோ எழுதும். கிராஷ் சம்பந்தமில்லாத இடத்தில் வரும். தோல்விக்குப் பிறகும் பஃபர் காலியாக இருந்தால் மட்டும் ஸ்ட்ரெரரைப் பயன்படுத்துங்கள்.

நேரம் தீர்ந்ததைக் குறிக்கும் பிழை 28ல் இதன் பயன் பளிச்சென்று தெரியும். சர்வரின் பெயருக்கு முகவரி தேடும்போதே நேரம் தீர்ந்ததா, இணைப்பு கிடைக்காமல் தீர்ந்ததா, இத்தனை பைட் வந்தபின் தீர்ந்ததா என்று அந்த ஒரு வரி பிரித்துச் சொல்லிவிடும். முதலாவது டிஎன்எஸ், இரண்டாவது பெரும்பாலும் ஃபயர்வால், மூன்றாவது மெதுவான நெட்வொர்க் அல்லது எங்கள் சர்வர்.

சர்வர் அனுப்பும் 404, 500 போன்ற பதில் எண்கள் எல்லாம் லிப்கர்லுக்குப் பிழையே அல்ல, 0தான் திரும்பும். ஃபெயில்ஆன்எரர் அமைப்பைப் போட்டால் பிழை 22 வரும். ஆனால் சர்வர் அனுப்பிய விளக்கம் கைக்கு வராது. அதை விட்டுவிட்டு அந்தப் பதில் எண்ணைத் தரும் ரெஸ்பான்ஸ்கோடைக் கேட்டு, வந்த உடற்பகுதியையும் பதிவுசெய்யுங்கள்.

நடப்பதையெல்லாம் எழுதிக்காட்டும் வெர்போஸை இயக்கினால் எழுத்தெல்லாம் எஸ்டிடிஎரருக்கு (நிரலின் பிழை வெளியீட்டுக்கு) போகும். ஃபோனில் அதை யாரும் பார்ப்பதில்லை. அந்த எழுத்தைப் பெற்றுக்கொள்ளும் டீபக்ஃபங்ஷன் வைத்து லாகுக்குத் திருப்புங்கள். ஆதரைசேஷன், குக்கி ஹெடர்களின் மதிப்பை எழுதுமுன் மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்நுழைவு டோக்கன் அப்படியே வெளியே போகும்.

அடுத்த வெளியீட்டில் பிழை எண், எரர்பஃபர் வரி, கர்ல்_வெர்ஷன் தரும் சரம் மூன்றும் ஒரே வரியில் வரட்டும். எந்த டிஎல்எஸ் (குறியாக்க) நூலகத்தோடு கட்டப்பட்டது என்பதும் அந்தச் சரத்தில் இருக்கிறது; அதைப் பொறுத்தே பிழையின் சொற்கள் மாறும்.

அன்புடன்,
சர்வர் பராமரிப்பில் இருப்பவர்கள்