ஏற்றுமதிக்கு முன் பெயரைப் பதிய உதவி தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு தொழில் நிறுவனங்கள் ஏற்றுமதியில் இறங்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கப்பல் கட்டணம், வங்கிக் கடன், தரச்சான்று ஆகியவற்றை விரிவாக எழுதிய கட்டுரையாளர், ஒரு நிறுவனம் தன் பெயரைப் பிற நாட்டில் எப்படிக் காத்துக்கொள்வது என்பதைத் தொடவே இல்லை. கோவையில் வெட் கிரைண்டர் உற்பத்தியில் இருப்பவன் என்ற முறையில், இந்தக் குறை எவ்வளவு பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும் என்பதைக் கண்கூடாகப் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்து உற்பத்தியாளர் ஒருவர் வளைகுடா நாடொன்றுக்குப் பல ஆண்டுகளாகத் தம் பிராண்ட் பெயரிலேயே கிரைண்டர்களை அனுப்பிவந்தார். விலை ஒத்துவராமல் அவர் வேறொரு டீலரை நியமித்த பிறகுதான், பழைய இறக்குமதியாளர் அதே பெயரை அந்நாட்டில் தமக்குரிய டிரேட்மார்க்காக (சட்டப்படி பதிந்த வணிகக் குறியாக) எப்போதோ பதிந்துகொண்டிருந்தது வெளியே வந்தது. புதிய டீலருக்குப் போன சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. நம்மவரிடம் இந்தியச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. டிரேட்மார்க் உரிமை பதிவு செய்த நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. கடைசியில் அவர் வேறு பெயரில் அங்கே புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டு உழைப்பில் சேர்த்த நற்பெயர், ஒரு விண்ணப்பப் படிவத்தால் இன்னொருவர் கைக்குப் போனது பெரும் அநியாயம்.

இதற்குச் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். காப்புரிமை, டிரேட்மார்க் போன்றவற்றுக்கான சர்வதேச ஒப்பந்தமும் இந்தியா 1998 முதல் உறுப்பினராக உள்ளதுமான பாரிஸ் உடன்படிக்கை, உரிமையாளரின் சம்மதமின்றி அவருடைய முகவர் தம் பெயரில் பதிந்துகொண்டால் அதை எதிர்க்கவும் ரத்து செய்யக் கோரவும் இடம் தருகிறது. ஆனால் அவர் நம் முகவர்தான் என்பதை அந்நாட்டில் வழக்கறிஞர் வைத்து நாம் மெய்ப்பிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோரிடம் இன்வாய்ஸைத் தவிர எழுத்தாக எதுவும் இருப்பதில்லை. பெயரும் லோகோவும் உற்பத்தியாளருக்கே உரியவை, டீலர் அவற்றைப் பதியக் கூடாது என்ற ஒரு பிரிவை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

சீனாவில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே முதலில் விண்ணப்பித்தவருக்கே பொதுவாக உரிமை. ஐபேட் என்ற பெயருக்காக ஆப்பிள் நிறுவனமே 2012இல் 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. நாங்கள் சீனாவில் விற்கவில்லையே, உதிரிபாகம் மட்டும்தானே செய்து வாங்குகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்நாட்டுச் சுங்கத்துறை, உள்ளே வரும் சரக்கை மட்டுமன்றி வெளியே போகும் சரக்கையும் டிரேட்மார்க் மீறலுக்காக நிறுத்திவைக்க முடியும் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆயினும் அது இந்தியாவில் செல்லும் பொது உரிமை. தனி ஒரு நிறுவனத்தின் பெயரை அது காப்பதில்லை. வெளிநாட்டில் தானாகச் செல்லுபடியாவதும் இல்லை.

பல நாடுகளில் டிரேட்மார்க் பதிவதற்கான சர்வதேச ஏற்பாடான மாட்ரிட் நெறிமுறையில் 2013 ஜூலையில் இந்தியா சேர்ந்த பிறகு வழி எளிதாகிவிட்டது. இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் வழியாக ஒரே விண்ணப்பத்தில் சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், அமெரிக்கா எனப் பல நாடுகளைக் குறிப்பிடலாம். இந்தியாவில் முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் அந்த முதல் நாளையே அங்கும் விண்ணப்ப நாளாகக் கோரலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முதல் 5 ஆண்டுகளுக்குள் இந்திய விண்ணப்பமோ பதிவோ விழுந்தால் அதைச் சார்ந்த சர்வதேசப் பதிவும் விழும். ஆகவே, பொருளின் தன்மையை மட்டும் சொல்லும், இந்தியாவிலேயே பதிவு மறுக்கப்படக்கூடிய பொதுப் பெயரை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் போவது ஆபத்து.

புதிய இயந்திர நுட்பத்துக்குக் காப்புரிமை கோருபவர்கள் அதைக் கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். முன்கூட்டியே வெளியான நுட்பத்துக்கு ஐரோப்பாவில் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது.

என் முக்கியமான கோரிக்கை அரசிடம்தான். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் வெளிநாட்டுக் காப்புரிமைக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவைத் திருப்பித் தருகிறார்கள். டிரேட்மார்க்குக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. மாட்ரிட் விண்ணப்பத்தின் அடிப்படைக் கட்டணம் மட்டுமே 653 சுவிஸ் பிராங்க், அதாவது 60,000 ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய கட்டணம் இதற்கு மேல் தனி. எங்களைப் போன்றோரில் காப்புரிமை பெறும் அளவுக்குப் புது நுட்பம் வைத்திருப்பவர் சிலரே. காப்பாற்ற வேண்டிய பெயரோ எல்லோரிடமும் உண்டு. எனவே வெளிநாட்டு டிரேட்மார்க்குக்குத் தனி உச்சவரம்பு வகுக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையங்கள் நடத்தும் ஏற்றுமதிப் பயிற்சிகளில், இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்கச் சொல்லும் அதே நாளில் வெளிநாட்டில் பெயரைப் பதியும் முறையையும் சொல்லித்தர வேண்டும். தங்கள் இதழும் இதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டால், முதல் சரக்கை அனுப்பக் காத்திருக்கும் பலருக்கு உரிய நேரத்தில் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வெட் கிரைண்டர் உற்பத்தியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.