அட்வான்ஸை யார் கையில் கொடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்ப வன்முறை என்றால் புருஷன், மாமியார், போலீஸ் என்று எல்லாரையும் பற்றி எழுதுகிறார்கள். வீட்டுக்காரரை மட்டும் விட்டுவிடுகிறார்கள். காரைக்குடியில் மூன்று குடித்தனத்துக்கு வீடு விட்டிருக்கிறவள் நான். அதனால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு குடும்பம் இருந்தது. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது சத்தம் கேட்கும். மறுநாள் அந்தப் பெண் விடியுமுன்னே குழாயடிக்கு வந்து, மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது. வெளியூரில் இருக்கும் பங்காளிகள் போனில், "நாலு பேர் குடியிருக்கிற வீடு, பார்த்துக்கங்க ஆச்சி" என்றார்கள். சரி என்று காலி பண்ணச் சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் பணத்தைத் திண்ணையில் வைத்து அந்த ஆளிடம் எண்ணிக் கொடுத்தேன். அக்ரிமெண்ட் அவன் பெயரில்தானே? அது அவள் சீட்டு எடுத்துக் கட்டிய பணம் என்று எனக்குத் தெரியும். கேஸ் அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம்தான் வக்கீலாக இருக்கும் ஒரு சொந்தக்காரர் சொன்னார். 2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீடு வாடகை வீடானாலும், அக்ரிமெண்ட் யார் பெயரில் இருந்தாலும், மனைவிக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டாம். அடிக்கிறவனை வெளியே போகச் சொல்லவும், வாடகையை அவனையே கட்ட வைக்கவும், கோர்ட்டைக் கேட்காமல் அவன் வீட்டைக் கைவிடாதபடி தடுக்கவும் மாஜிஸ்திரேட்டால் முடியும். போக வேண்டியவன் அவன் ஒருவன். நான் அவளையும் சேர்த்து அனுப்பினேன்.

ஆனால் அந்த உத்தரவெல்லாம் கணவன் மீது போடுவது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால்? தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகைக்கு இருப்பவர் இறந்துபோனால் வாரிசுக்கு வழி சொல்கிறது. உயிரோடு இருந்து அடிக்கிறவனின் மனைவிக்கு அதில் ஒரு வரி இல்லை. மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருக்கிற ஒத்தி வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். நகையை விற்றுப் போட்ட லட்சங்கள் அவன் கையெழுத்து ஒன்றில் வெளியே போய்விடும்.

ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும், இருவர் கையெழுத்து இல்லாமல் முன்பணம் திரும்பப் போகக் கூடாது என்று அரசு விதி செய்ய வேண்டும். இது ஒன்றும் நமக்குப் புதுசில்லை. எங்கள் பக்கம் கல்யாணம் ஆனதும் பிள்ளையையும் மருமகளையும் 'வேறு வைப்போம்'. ஒரே வளவுக்குள், அதாவது ஒரே பெரிய வீட்டுக்குள், அவர்களுக்குத் தனி அறை, தனி அடுப்பு. அந்தக் குடித்தனம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

விதி வரும்வரை வீட்டுக்காரர்களே இதைச் செய்யலாம். பக்கத்தில் சத்தம் கேட்டால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடமும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் இப்போது இரண்டு பெயரும் போட்டுத்தான் எழுதுகிறேன். போன தடவை வீடு கேட்டு வந்தவர், "என்ன ஆச்சி, சொத்தா எழுதித் தரப்போறீங்க?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். பின்கட்டு இரண்டு மாதமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. கிடக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி